கோட்டைத் தெருவும் குடிக்காத மனிசனும்

1

எனக்கு என் தங்கச்சி சுகிமேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில் தொடங்குவார்கள். எனக்குப் பனியோடு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் ஜேர்மனியில் இருக்கிற ஒருத்தியோடுதான்.

இந்த வருடம் அவள் ஒரு வீடியோ கசெற் அனுப்பியிருந்தாள். ஜேர்மனிக் கசெற் இங்கத்தை மெசினில் ஓடாது. போட்டால் திரை முழுக்க கோடு கோடாக இழுக்கும். இரண்டு நாட்டுக்கும் முறை வேறாம். ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிக்குக் கிட்ட ஒரு தமிழ் வீடியோக் கடை இருக்கிறது. அங்கே கொடுத்தால் மாற்றித் தருவார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பேக்கரியில் வேலை முடிந்து, பஸ் மாறி, கடைக்குள் நுழைகிறேன். கடையின் பெரிய ரிவியில் என் தங்கச்சி கார் ஓடிக்கொண்டிருக்கிறாள். வாடகைக்குப் படம் எடுக்க வந்த சனம், ரெலிபோன் காட் வாங்க வந்த சனம், எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"உங்கட தங்கச்சியே அக்கா? மாத்தேக்கை சரியா வருதோ எண்டு பாக்கப் போட்டனான், பிறகு நிப்பாட்ட மனம் வரேல்லை," என்றான் கடைக்காரப் பெடியன். "அந்த வளைவைப் பாருங்கோ. ஒரு கைதான் ஸ்ரேறிங்கிலை!"

"ஓம்," என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். "நீரும் ஓடுவீரோ பிள்ளை?"

"லைசென்ஸ் இருக்கு," என்றேன். அது பொய் இல்லை. கசெற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் பஸ்ஸுக்கு நின்றேன். என் சொந்தத் தங்கச்சி கார் ஓடுகிறதை என்னைவிட முந்தி ஸ்காபரோ முழுக்கப் பார்த்துவிட்டது.

2

வீட்டில் குடும்பமாக இருந்து பார்த்தோம். நான், எங்கட அவர், மகள் ஷாமினி.

சுகியும் அவளுடைய மனிசன் ராசனும் தெற்கு ஜேர்மனியில் ஒரு சின்னப் பட்டினத்தில் இருக்கிறார்கள். அங்கே மலைகளுக்குள்ளால் போகிற ஒரு றோட்டு. ஆற்றோரமாகப் போகும், குன்றில் ஏறும், முந்திரிகைக் கொடித் தோட்டங்களுக்குள் இறங்கும், திரும்புகிற இடமெல்லாம் உச்சியில் ஒரு பழைய கோட்டை நிற்கும். வழி நெடுகப் பலகை நட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். சுகி அதைத் தமிழாக்கி 'கோட்டைத் தெரு' என்கிறாள். சும்மா ஓடிப் பார்ப்பதற்கென்றே ஒரு றோட்டு! எங்களுக்குத் தெரிந்த றோட்டெல்லாம் வேலைக்கும் கோயிலுக்கும் சாமத்தியவீட்டுச் சடங்குக்கும் போகிற றோட்டுத்தான்.

கமெரா ராசனின் கையில். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். "இப்ப நாங்கள் நிக்கிறது இரண்டாவது கோட்டை. இது இந்த ஊர்ப் பியர். இந்த ஊரிலைதான் வடிக்கிறது. பக்கத்து ஊரிலை போய்க் கேட்டால் முறைப்பாங்கள். அவங்களுக்கு அவங்கட பியர்." கிளாஸின் நுரை தெரியும், பிறகு கோட்டை தெரியும். அடுத்த கோட்டையிலிருந்து படம் கொஞ்சம் சரியத் தொடங்கியது. அதற்கடுத்த கோட்டை முழுதாகவே சாய்ந்து நின்றது. நடுவில் சுகி மட்டும் நிமிர்ந்திருந்து, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மலையில் கியர் மாற்றுகிறாள்.

"சித்தி இஸ் ஸோ கூல்," என்றாள் ஷாமினி. "அம்மா, வை டோன்ட் யூ ட்ரைவ்?"

எங்கட அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "சுகி நல்ல நிதானமா ஓடுறாள், என்ன?"

என்னிடமே சம்மதம் கேட்கிறார், பாருங்கள். பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமை அம்மா கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தபோது கசெற் கதையைச் சொன்னேன். 'கோட்டைத் தெரு' என்றதுதான் தாமதம், வெள்ளவத்தையிலிருந்து அம்மா கத்தினார். "என்ன, கோட்டைப் பக்கமோ? அவளுக்கென்ன விசரே? அங்காலை போகவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை!"

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கோட்டை என்றால் பார்க்கிற இடமா? ஷெல் புறப்படுகிற இடம். அங்கே 'டும்' என்று கேட்டால் இங்கே விழுவதற்குள் குப்புறப் படுக்கவேண்டும். அப்படிப் படுக்கும்போதெல்லாம் சுகி என் கைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொள்வாள். அவள் இப்போது ஒவ்வொரு கோட்டையாக நிறுத்தி, வடிவு பார்த்து, ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிடுகிறாள்.

அவள் பட்டதும் எனக்குத் தெரியும். அகதிக் காம்பில் இருந்த காலத்தில் அவர்களுக்கு அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. "அந்தப் பலகைக்கு அங்காலை கால் வைச்சால் பொலிஸ் பிடிக்கும் அக்கா. மலையிலை கோட்டை தெரியும், போக ஏலாது. விசா கையிலை கிடைச்ச உடனை முதல் வேலையா ஒரு பழைய கார் வாங்கிப் பலகையைத் தாண்டினனாங்கள்," என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அழுதவள்தான் நான். அழுகை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் நன்றாகத்தான் இருக்கின்றன.

"அது சரி, உன்னை ஆர் ஓடப் பழக்கினது?" என்று சுகியிடம் ரெலிபோனில் கேட்டேன்.

"வேறை ஆர், இவர்தான். ஊருக்கு ஊர் பியர் ருசி பாக்கவேணும் இவருக்கு. ஆரோ ஒராள் காரை வீட்டை கொண்டு வரத்தானே வேணும்? அதாலை பிடிச்ச பிடியா நிண்டு லைசென்ஸ் எடுக்க வைச்சவர். எனக்கு அந்தப் பியர் மணமே ஒத்துக்கொள்ளாது அக்கா. உளுந்து ஊறி நாறின தண்ணி மாதிரி."

3

இப்போது விளங்குகிறதா என் துன்பம்?

எங்கட அவர் குடிக்கமாட்டார். ஒரு சொட்டும் இல்லை. சாமத்தியவீட்டில் எல்லாரும் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போத்தல் சுற்றும்போது, இவர் உள்ளே இருந்து பிள்ளைகளுக்குச் சோடா ஊற்றிக்கொடுப்பார். "உனக்குக் கிடைச்ச மனிசனைப் போலை ஆருக்குக் கிடைக்கும்" என்று சொந்தக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துச் சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் குடிக்காத மனிசன் எப்போதும் தானே கார் ஓடுவார். ஸ்ரேறிங் பெண்சாதியின் கைக்கு வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. தங்கச்சிக்குக் குடிக்கிற மனிசன் கிடைத்திருக்கிறாரே என்று பொறாமைப்படுகிற முதல் யாழ்ப்பாணத்துப் பெண் நானாகத்தான் இருக்கும்.

லைசென்ஸ் நான் எடுத்து எத்தனையோ வருடம். ஷாமினி பாலர் வகுப்பில் இருந்தபோது தமிழ் மாஸ்டர் ஒருவரிடம் படித்து, முதல் தரமே பாஸ் பண்ணினேன். அன்றைக்கு இவர் லட்டு வாங்கி வந்தார். கார்த் திறப்பு மட்டும் என் கைக்கு வரவில்லை. "உம்மடை பேரையும் போட்டால் இன்சூரன்ஸ் கூடிப்போடும்" என்றார். பிறகு "பனிக்காலம் முடியட்டும்" என்றார். பனிக்காலம் எத்தனையோ முடிந்தது. லைசென்ஸ் வங்கியில் ஐடி காட்டத்தான் உதவியது. அதைவிட, இவர் ஓட நான் பக்கத்தில் றோட்டு மப்பை விரித்துவைத்து வழி பார்ப்பேன். எக்சிற்றைத் தவறவிட்டால் பேச்சும் எனக்குத்தான்.

ஆவணியில் என் பிறந்தநாளோடு லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரி கொம்பியூட்டரைப் பார்த்து, ஒரு பிழையும் இல்லாத நல்ல பதிவு என்று பாராட்டினாள். ஓடினால்தானே பிழை வரும்! வேலைக்கு நீங்களே ட்ரைவ் பண்ணிப் போவீர்களா என்று கதையோடு கதையாகக் கேட்டாள். நாங்கள் கார் 'ஓடுறது' என்றுதானே சொல்கிறவர்கள். அவசரத்தில் அது அப்படியே இங்கிலீசில் வந்துவிட்டது. "நோ, மை ஹஸ்பண்ட் ரன்ஸ்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. உங்கள் கணவர் ஓடுகிறவரா, நல்லது, உடம்புக்கு மிகவும் நல்லது என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஷாமினி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். நான் குசினிக்குப் போய்ச் சட்டியைக் கழுவினேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளில் சுகியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது யார்? நான். முன்னால் மிதிக்கிறது நான், பின்னால் கரியரில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, றோட்டில் குழியைக் கண்டால் "மெல்ல அக்கா, கிடங்கு" என்று கத்துகிறது அவள். கரியரில் இருந்தவள் கோட்டைகளைப் பார்க்கிறாள். மிதித்தவள் கோட்டை விட்டுவிட்டாள்.

4

புரட்டாசியில் அவர்கள் வந்தார்கள். வருவதற்கு விசா எடுக்கப் பட்ட பாடு தனி. நான் ஸ்பொன்சர் கடிதம் எழுதி, வேலைக் கடிதம் வைத்து, வங்கிக் கடிதம் வைத்து அனுப்பியும் முதல் தரம் மறுத்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பிவரமாட்டார்கள் என்ற பயமாம். கோட்டைத் தெருவை விட்டுவிட்டு ஸ்காபரோத் தொடர்மாடியில் யார் வந்து ஒளிப்பார்கள்? இரண்டாம் தரம் கிடைத்தது.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதோம். அது உண்மையான அழுகை. அழுது முடித்து வெளியே வந்து காரடிக்குப் போனோம். இவர் சூட்கேஸ்களை ஏற்றினார். பெரிய விருந்தோம்பல் முகத்தோடு சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து சுகியிடம் நீட்டினார்.

"இந்தாரும் சுகி, எங்கட ஹைவேயிலும் ஒருக்கால் ஓடிப் பாருமன். விசிட்டர்தானே, இன்சூரன்ஸ் பிரச்சினை இல்லை."

நான் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிறேன். திறப்பு என் மூக்குக்கு முன்னால் போகிறது. எத்தனை வருடம் நான் எதிர்பார்த்த திறப்பு!

சுகி என் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம் அத்தான், களைப்பா இருக்கு," என்றாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஓடினாள். கோயிலுக்கு ஓடினாள், பிளாசாவுக்கு ஓடினாள், நயாகராவுக்கும் ஓடினாள். இவர் பக்கத்தில் இருந்து "ஆகா, ஆகா" என்றார். நான் பின் சீற்றில். அந்தக் கிழமை நான் வைத்த கறியெல்லாம் உறைப்பு என்று ஷாமினி சொன்னாள். இருக்கும்.

ஒரு நாள் குசினியில் சுகி கேட்டாள். "அக்கா, உன்னட்டை லைசென்ஸ் இருக்குத்தானே? ஏன் ஓடுறேல்லை?"

"எங்கட அவர் குடிக்கிறேல்லை, அதாலை," என்றேன் வெடுக்கென்று.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

5

அவர்கள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கனடாவிலும் கோட்டை உண்டு என்று காட்டாமல் விடமாட்டேன் என்று இவர் வெளிக்கிட்டார். வேலையிடத்தில் யாரோ சொன்னதாம்: ரொறன்ரோவுக்கு வடமேற்கே குன்றுகளுக்குள் கல்லால் கட்டின கோபுரத்தோடு ஒரு கட்டிடம், அங்கேயே பியரும் வடிக்கிறார்கள். அன்று இவரே ஓடினார். இலைகள் சிவந்து மஞ்சளாகிக் கிடந்தன. றோட்டு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. வடிவுதான். எனக்கு ரசிக்க மனம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தோம். இவர் கையை விரித்துக் காட்டினார். "இந்தா, கோட்டை!"

"அப்பா, இட்ஸ் எ மில்," என்றாள் ஷாமினி. வாசலில் பலகையே இருந்தது. பழைய மாவு மில். கோபுரம் என்றது தானியம் கொட்டுகிற கட்டிடம்.

"நல்ல கோட்டை அண்ணை, சரியான உறுதி," என்றார் ராசன் பெரிய மனதோடு. கல்லைத் தட்டியும் பார்த்தார்.

உள்ளே சாப்பிட இருந்தோம். ராசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே குறை: இங்கே பியர் வாங்க அதற்கென்று இருக்கிற கடைக்குப் போய், வாங்கினதை வீட்டில் கதவைச் சாத்திக் குடிக்கவேண்டும், பார்க்கில் இருந்து குடித்தால் பொலிஸ் வரும், இது என்ன நாடு என்று. இப்போது ஊர்ப் பியர் கண்டதும் தனக்கொன்று சொன்னார். இவருக்கும் ஒன்று சொன்னார்.

"எனக்கு வேண்டாம் ராசன், பழக்கமில்லை."

"அண்ணை, நான் சகலன் கேக்கிறன். நாளையிண்டைக்குப் போறன். இனி எப்ப காணுறமோ?"

சகலன் கையால் தருவதை எப்படித் தட்டுவது? இவர் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னொரு வாய். கிளாஸ் முடிந்தபோது காதெல்லாம் சிவந்து, ராசனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, மாவு மில் கோட்டைதான் என்று ஷாமினியோடு வாதாடினார். இரண்டாவது கிளாஸும் வந்தது.

அப்போதுதான் சுகி பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டாள். "எனக்கும் ஒண்டு," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இவளுக்கு மணமே ஒத்துக்கொள்ளாதே! கிளாஸ் வந்தது. மூக்கைப் பிடிக்காத குறையாக மடக் மடக் என்று குடித்தாள். எனக்கு எரிந்தது. கறுப்புக் கண்ணாடி போதாது, கார் போதாது, இப்போது என் மனிசனுக்கு முன்னால் பியர் கிளாஸும் தூக்கிக் காட்டவேண்டுமா? ஸ்டைல்!

சாப்பாடு முடிந்தது. இவர் மேசையில் இருந்த திறப்பை எடுத்தார், எழும்பினார், கதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப இருந்தார். "சுகி, நீரே ஓடுமன்," என்று திறப்பை அவள் பக்கம் தள்ளினார்.

"அத்தான், நானும் குடிச்சிட்டன். ஏலாது."

ராசனைக் கேட்கவே தேவையில்லை.

"அப்ப ஒண்டு செய்வம்," என்றார் இவர். "கொஞ்ச நேரம் இருந்திட்டு, தெளிஞ்சாப்போலை போவம்."

கேட்டீர்களா? அந்த மரக் கதிரையில் பொழுதுபடும்வரை காத்திருப்பாராம். முன்னால் இருக்கிற நான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அம்மாட்டை லைசென்ஸ் இருக்குத்தானே?" என்றாள் ஷாமினி. தமிழிலேயே சொன்னாள்.

சுகி திறப்பை எடுத்து என் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள். "எழும்பு அக்கா."

வெளியே வந்து சீற்றை முன்னுக்கு இழுத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். முதல் பிரேக்கில் எல்லாரும் முன்னுக்குப் போய் வந்தார்கள். இவர் பக்கத்தில் இருந்து கதவின் பிடியில் தொங்கிக்கொண்டு "இஞ்சாரும், மெல்ல! இஞ்சாரும், லொறி!" என்றார். "நீங்கள் மப்பைப் பாருங்கோ," என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் மப்பை எடுத்து மடியில் விரித்தார்.

குன்றில் ஏறியபோது காலுக்குப் பிரேக் பழகிவிட்டது. இறங்கும்போது றோட்டு முழுக்க எனக்காகவே வைத்திருந்தது போலத் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு குரல். "மெல்ல அக்கா, கிடங்கு." உண்மையில் ஒரு கிடங்குதான். விலத்தினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அதே குரல், "அக்கா, நிப்பாட்டு, நிப்பாட்டு!" ஓரமாக நிறுத்தினேன். சுகி கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்ப் புல்லில் சத்தி எடுத்தாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு போய் அவளின் நெற்றியைப் பிடித்தேன்.

"ஒத்துக்கொள்ளாத சாமானை ஏனடி குடிச்சனி?"

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பின்னை? நான் குடிக்காட்டில் அத்தான் உனக்குத் திறப்புத் தருவாரே?"

மிச்சத் தண்ணீரை அவள் கையில் ஊற்றினேன். காரில் இவரும் ராசனும் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு கோட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

6

இப்போது காலை வேலைக்கு நான் ஓடுகிறேன். இன்சூரன்ஸில் என் பெயர் ஏறிவிட்டது. அவ்வளவு ஒன்றும் கூடவில்லை. எங்கட அவர் மறுபடியும் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. ஆனால் ஷிப்ற் முடிந்து களைப்பாக வந்தால் "நீர் ஓடும்" என்று தானாகவே மற்றப் பக்கம் போய் ஏறுகிறார். மப் பார்க்க அவருக்கு வராது. பேச்சு விழுகிறது.

போன கிழமை அம்மா ரெலிபோன் எடுத்தார். செய்தியை ஆறுதலாக, ஒரு எடுப்பாகச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன்.

"சுகி எல்லாம் சொன்னவள்," என்றார் அம்மா. "நீ மலையெல்லாம் கார் ஓடினியாம்."

முந்திவிட்டாள்!

"அவள் நல்லா ஓடுவாள்தானே, பிறகேன் உன்னட்டை விட்டவள் எண்டு கேட்டன். அக்கா என்னைவிட நல்லா ஓடுறா அம்மா, அவ ஓடேக்கை நான் பின்னாலை பயமில்லாமல் இருந்தன் எண்டு சொன்னாள்."

பியர்க் கதையை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் சுகி சொன்னதுதான் கதை. பெருமையை எனக்குத் தந்துவிட்டு, சத்தியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். தங்கச்சி என்றால் கொஞ்சமாவது கெட்டவளாக இருக்கவேண்டாமா? நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டாள்.

"பிள்ளை, கேக்குதோ?" என்றார் அம்மா. "கவனமா ஓடு. அங்கை கோட்டை கீட்டை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அம்மா," என்றேன். "இஞ்சை மில்தான்."

சொல்லும்போதே எரிந்தது.